நஞ்சப்பன் கடையில் வாங்கிய சொந்தக் கருத்து

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் முருகேஷ் முப்பத்துநாலு வயதுக்காரன், இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசைக்காரன். அவன் தன் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்த பி.ஏ. அசைன்மென்ட்டில், தனக்குக் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கு வந்த முதல் நாளைப் பற்றி உருக்கமாக எழுதியிருந்தான். மாமியார் ஆரத்தி எடுத்தாராம். இவன் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனானாம். தருமபுரியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும் பள்ளிக்கூடத்தில் அமுதவல்லி மேடம் இதை உரக்கப் படித்தபோது, வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் கணக்கியல் நடத்திக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் அந்த மீசைக்காரன்மேல் கொஞ்சமாவது இரக்கம் வரும்.

முருகேஷ் பன்னிரண்டாவது பாஸ் செய்த கையோடு அவன் அப்பா தீர்த்தகிரிக்குத் தோள்பட்டை விட்டுப்போனது. துடுப்புப் பிடிக்க வீட்டில் வேறு ஆளில்லை. காலேஜ் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டுப் பரிசலில் ஏறினான். அதில் அவனுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை, தன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வரும்வரை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துப் பெண் சசிகலா. தபால் வழியில் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கடைசி வருடம் பாக்கி. ஆனால் பெண் வீட்டார் பத்திரிகையில் 'சசிகலா பி.ஏ.' என்றே போட்டுவிட்டார்கள். மச்சான் பெயருக்குப் பின்னால் ஒன்று, மாமன் மகன் பெயருக்குப் பின்னால் ஒன்று என்று அந்தப் பக்கம் முழுக்கப் பட்டம் தொங்கியது. இந்தப் பக்கம் 'முருகேஷ்' என்று மொட்டையாக நின்றது. அதை அவன் அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் பார்த்தான், ஆனால் மறக்கவில்லை.

சசிகலா கல்யாணமான மறுவருடமே பட்டத்தை முடித்தாள். பிறகு பி.எட். முடித்துப் பென்னாகரத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர் ஆனாள். அவள் படித்த அதே படிப்பில் முருகேஷும் சேர்ந்தான். சீசன் நாட்களில் ஞாயிற்றுக்கிழமைதான் பரிசல்காரனுக்குத் தீபாவளி. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தன் முறையை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வகுப்புக்குப் பஸ் ஏறினான். ஒரு வருடம் எழுதினான், ஒரு வருடம் எழுதவில்லை. ஒன்றில் தேறினான், இன்னொன்றில் கோட்டை விட்டான். இப்படியே இழுத்து இழுத்து, இந்த வருடத்தோடு அவன் பதிவுக்கே காலாவதி. இதையும் விட்டால் பழைய பாஸெல்லாம் செல்லாது. பாக்கி இருந்தது நாவல் தாள் ஒன்று. அதற்கு அசைன்மென்ட் மார்க் வராவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. தை மாதம் மகளுக்குக் காதணி விழா வைத்திருக்கிறார்கள். பத்திரிகையிலும் ஃபிளெக்ஸிலும் 'முருகேஷ் பி.ஏ., சசிகலா பி.ஏ., பி.எட்.' என்று ஒரே வரிசையில் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் கனவு. கேட்டால் சிரிப்பீர்கள். அவனுக்கு அது சிரிப்பான விஷயம் இல்லை.

அசைன்மென்ட் என்று வந்தது இதுதான்: பாடமாக வைத்த நாவலிலிருந்து ஐந்து இடங்களை எடுத்து எழுத வேண்டும், ஒவ்வொன்றின் கீழும் 'சொந்தக் கருத்து' என்று தலைப்பிட்டு, படிக்கும்போது தன் மனதில் தோன்றியதை எழுத வேண்டும். மழைக்காகக் காத்திருக்கும் ஒரு மானாவாரி விவசாயி, அவன் பெண்டாட்டி, இவர்களுடைய கதை அந்த நாவல். சசிகலா படித்த காலத்துப் புத்தகமே வீட்டில் இருந்தது. முருகேஷ் அதை இரண்டு முறை படித்தான். தோன்றியது என்னவென்றால், ஒன்றும் தோன்றவில்லை.

"சசி, நீதான் இதெல்லாம் எழுதுனவளாச்சே. நாலு வரி சொல்லேன்."

"உங்க மனசுல தோணறத எழுதச் சொன்னா, எங்கிட்ட வந்து நின்னா எப்படிங்க? எதாவது தோணுமில்ல?"

"தோணலயே."

"அப்ப தோணற வரைக்கும் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அவள் பரீட்சைத் தாள் திருத்தப் போய்விட்டாள்.

உட்காருகிற ஆளா அவன்? மறுநாளே பென்னாகரம் பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் நஞ்சப்பன் ஜெராக்ஸ் கடைக்குப் போனான். நஞ்சப்பன் அந்த வட்டாரத்துத் தபால்வழி மாணவர்களுக்கெல்லாம் குலதெய்வம் மாதிரி. எந்தத் தாள், எந்த வருடம் என்று சொன்னால் போதும், கை தானாக அலமாரிக்குப் போகும்.

"நாவலுக்குத்தானுங்க? சொந்தக் கருத்து ரெடியா இருக்குது. நல்லா டைப் அடிச்சு வெச்சிருக்கறேன். நீங்க பாத்து எழுதிக் குடுத்துட்டாப் போதும்."

சொந்தக் கருத்தை விலைக்கு வாங்குவதில் ஏதோ இடிக்கிறதே என்று முருகேஷுக்கு ஒரு நொடி பட்டது. பஸ் ஹாரன் அடித்ததும் அது போய்விட்டது. அன்று சாயங்காலம் போனில் கிரிக்கெட்டை ஓடவிட்டு, காதை அதில் வைத்து, கண்ணைத் தாளில் வைத்து, கையை மட்டும் வேலை செய்யவிட்டான். நம்ம ஊரில் ரெக்கார்டு நோட்டு எழுதிய எல்லாருக்கும் அந்த வித்தை தெரியும். எழுத்து அழகாக வந்தது. என்ன எழுதினோம் என்பது மட்டும் தலைக்குள் வரவில்லை.

மற்ற வருடங்களில் இது ஓடியிருக்கும். இந்த வருடம் அமுதவல்லி மேடம் புதிதாக வந்தவர், எல்லாவற்றையும் படிக்கிறவர்.

"இந்த வருஷம் எனக்கு ஒரு அதிசயம் தெரிஞ்சுதுங்க" என்று அவர் ஆரம்பித்தார். "இந்த வகுப்புல பதினோரு பெண்கள் ஒரே பரிசல்காரருக்கு வாக்கப்பட்டிருக்காங்க."

வகுப்பு புரியாமல் பார்த்தது.

"எல்லாருடைய கணவரும் பரிசல் ஓட்டறார். எல்லார் மாமியாரும் ஒரே மாதிரி ஆரத்தி எடுத்திருக்காங்க. நம்ம ஆரோக்கியராஜ் கொஞ்சம் யோசிச்சிருக்கார். கணவர்னு வந்த இடத்துல எல்லாம் மனைவின்னு மாத்திட்டார். அதனால என்ன ஆச்சுன்னா, 'என் மனைவி பரிசல் ஓட்டுகிறவர். நல்லவர்.'"

பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் ஆரோக்கியராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி தெரசா பரிசலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பது பிறகு தெரிந்தது.

"இவராவது மாத்தினார். இன்னொருத்தர் அந்தச் சிரமம்கூடப் படலை" என்று சொல்லித்தான் மேடம் முருகேஷின் தாளை எடுத்தார். வலது காலை எடுத்து வைத்த கதை அப்போதுதான் அரங்கேறியது. சிரிப்பு அடங்கியதும் அவர் குரல் மாறியது. கோபம் இல்லை; ஆனால் விளையாட்டும் இல்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கடைசி நாள். எழுதினவங்க எல்லாம் திரும்ப எழுதணும். ஒரே ஒரு வரியா இருந்தாலும் பரவாயில்லை, அது உங்களுதா இருக்கணும். இல்லேன்னா நான் மார்க் போட மாட்டேன்."

முருகேஷ் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். வகுப்பு முழுக்க அவனைப் பார்த்து, "என்னாப்பா, அந்தப் பதினோரு பேருக்கும் புருசன் நீதானா?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தது. அவமானம் காதை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. அப்படி என்னதான் எழுதித் தொலைத்தோம் என்று, மேடம் திருப்பிக் கொடுத்த தாளை எடுத்துப் படித்தான். தன் கையெழுத்தை அவன் படிப்பது அதுதான் முதல் முறை.

நாலாவது இடத்துக்கு வந்தான்.

'அவன் பேசவில்லை. அவள் கேட்கவில்லை. நடுவில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.'

சொந்தக் கருத்து: 'என் கணவர் பரிசல் ஓட்டுகிறவர். நல்லவர். தண்ணீர் ஏறிப் பரிசலை நிறுத்திவிடும் நாட்களில் மட்டும் அவர் என்னிடம் சோறு கேட்பதில்லை. நானாகத் தட்டு வைத்தாலும் பசியில்லை என்று சொல்லி எழுந்து வெளியே போய்விடுகிறார். என் சமையல் பிடிக்கவில்லையா, என்னையே பிடிக்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. கதையில் வரும் பெண்ணுக்கும் இதே பயம் இருந்திருக்க வேண்டும்.'

பஸ் இண்டூரைத் தாண்டியது அவனுக்குத் தெரியவில்லை. மறுபடியும் படித்தான். பரிசல் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் ஏறிய நாளில் பசியில்லை என்று எழுந்து போகிறவனை அவனுக்கு நன்றாகத் தெரியும். போன மாதம்கூட எழுந்து போனான்.

பென்னாகரத்தில் இறங்கி நேராக நஞ்சப்பன் முன்னால் போய் நின்றான்.

"இந்த நாவல் கருத்து யாரு எழுதுனதுங்க?"

"ஏனுங்க, மார்க்கு வரலீங்களா?" நஞ்சப்பனுக்குத் தொழில் கவலை.

"யாரு எழுதுனதுன்னு கேட்டனுங்க."

"பேரெல்லாம் தெரியாதுங்க. ஏழெட்டு வருசத்துக்கு முன்ன ஒரு பொண்ணு பைண்டிங்குக்குக் குடுத்துட்டுப் போச்சு. எழுத்து அத்தன நல்லா இருந்துச்சா, ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டேன். அது எத்தன பேர பாஸ் பண்ணிவுட்டிருக்குது தெரியுங்களா? அந்தப் பொண்ணு நல்லாருக்கோணும்" என்று சொல்லி, அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழுத்துப்போன ஒரு கட்டை எடுத்து முன்னால் போட்டார்.

பெயர் எழுதிய மேல் தாள் இல்லை. தேவையும் இல்லை. வாரா வாரம் மளிகைச் சீட்டில் பார்க்கும் எழுத்து. 'ழ' போடும்போது கடைசி சுழியை இடப்பக்கம் நீட்டிவிடும் அந்த எழுத்தை அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? வகுப்பில் பதினோரு பெண்கள் கட்டிக்கொண்ட பரிசல்காரன் அவனேதான்.

சொல்ல வேண்டாமா? அன்று ராத்திரியே சசிகலாவிடம் சொல்லிச் சிரித்திருக்க வேண்டிய விஷயம்தான். சொல்ல வாய் வரவில்லை. எட்டு வருடமாக ஒரு பெண் தட்டை வைப்பதும் அவன் எழுந்து போவதுமாக இருந்திருக்கிறது. இடையில் மகள் பிறந்தாள், சசிகலாவுக்கு வேலை கிடைத்தது, வீட்டுக்குத் தளம் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் கூடிக் கூடிப் பேசினார்கள். இதை மட்டும் அவள் கேட்கவே இல்லை. ஒரு தாளில் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். அதை நினைக்க நினைக்க முருகேஷுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரம் கர்நாடகாவில் நல்ல மழை. புதன்கிழமை தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறியது. அருவி இருந்த இடமே தெரியாமல் மூடிக்கொண்டது. பரிசலுக்குத் தடை என்று அறிவித்துவிட்டார்கள். மீன் வறுக்கும் கடைகளில் பாதி திறக்கவில்லை. பரிசல்காரர்கள் பரிசல்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சீட்டு ஆடப் போனார்கள். முருகேஷ் கவிழ்த்த பரிசலில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் நாவலையும் பேப்பரையும் வைத்துக்கொண்டான்.

"என்னா முருகேஷு, திரும்பப் புகுந்த வூட்டுக்குப் போறியா?" என்று ஒருவன் கேட்டுவிட்டுப் போனான். விஷயம் அதற்குள் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருந்தது.

நாவலைத் திறந்தான். 'மழை வந்தால் எல்லாருக்கும் நல்ல காலம்' என்று கதையில் ஒரு கிழவர் சொல்லும் இடம் வந்தது. முன்பு இரண்டு முறை படித்தபோது ஒன்றும் தோன்றாத இடம். இப்போது சுர்ரென்று கோபம் வந்தது. எழுதினான்: 'எல்லாருக்கும் இல்லை. குடகில் மழை என்றால் எனக்கு வேலை இல்லை. டி.வி.யில் மழை என்று சொன்னதும் ஊரே சந்தோஷப்படும்போது நாங்கள் மட்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம். மழை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் பாவம். அதனால் வாயைத் திறப்பதில்லை.'

எழுதி முடித்துப் பார்த்தால் அவனுக்கே ஆச்சரியம். தோன்றுகிறதே! அடுத்ததற்கும் தோன்றியது. அதற்கடுத்ததில் நாவல்காரரோடு சண்டையே போட்டான். பெண்டாட்டிமேல் கை நீட்டிய கதாநாயகனை நல்லவன் என்று சொன்னது அவனுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நாலு இடம் முடிந்தது. ஐந்தாவதாக எதை எடுப்பது என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மத்தியானம். சசிகலாவுக்கு லீவு. வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசம் தெருவைத் தாண்டி வந்தது. டீக்கடையில் ஒரு பன்னை வாங்கிக் கடித்தபடியே முருகேஷ் பேப்பரை எடுத்தான். பாதிப் பன்னைக் கீழே வைத்துவிட்டு, நிறுத்தாமல் எழுதினான்.

ஞாயிறு காலை நஞ்சப்பன் கடையில் பைண்டிங் போடும்போது ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னான். எடுத்துக்கொண்டிருக்கும்போதே நஞ்சப்பன் கண் வரிகளில் ஓடியது.

"நல்லா வந்திருக்குதுங்களே. எனக்கு ஒரு காப்பி வெச்சுக்கட்டுங்களா? அடுத்த வருசப் பசங்களுக்கு ஆவும்."

"ஒன்னே ஒன்னு போதுமுங்க" என்று சொல்லி, முருகேஷ் மெஷின் பக்கத்திலேயே நின்று, தாள் வெளியே வந்ததும் கையில் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அமுதவல்லி மேடம் அவன் தாளை இந்த முறை உரக்கப் படிக்கவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் படித்தார். மார்க் போட்டுக் கையெழுத்திட்டார்.

"ஹால் டிக்கெட் வந்துரும். நல்லா படிச்சு எழுதுங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உங்க வீட்டம்மா இதைப் படிச்சாங்களா?" என்றார்.

"இல்லீங்க மேடம்."

"அப்ப வகுப்பு முடியற வரைக்கும் இருக்க வேண்டாம். கிளம்புங்க."

மத்தியானம் மூன்று மணிக்கு முருகேஷ் வீட்டுக்குள் நுழைந்தான். ஆறு அப்போதும் இரைந்துகொண்டுதான் இருந்தது. மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். சசிகலா பாத்திரம் கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சசி, சோறு போடு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "பரிசல் வுட்டுட்டாங்களா?"

"இல்ல. இன்னும் தண்ணி எறங்கல."

"பின்ன?"

"பசிக்குது."

 அவள் தட்டை எடுத்து வைத்துச் சோற்றைப் போட்டாள். நேற்றைய கருவாட்டுக் குழம்பு சுண்டி, இன்னும் நன்றாக இருந்தது. முருகேஷ் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினான். நாவலிலிருந்து எடுத்து எழுதிய முதல் மூன்று வாக்கியத்தைப் பார்த்ததுமே அவள் முகம் மாறியது.

"இந்த எடத்த நானும் எழுதியிருக்கேன்."

"தெரியும். படிச்சேன். நஞ்சப்பன் கடைல வித்துக்கிட்டிருக்காங்க."

"என்னாது? நான் எழுதுனத நீங்க காசு குடுத்தா வாங்குனீங்க?" அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அப்படியென்றால் இவன் எதையெல்லாம் படித்திருப்பான் என்று உறைத்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தாளைப் படித்தாள்.

'பசித்தது. எல்லா நாளும் பசித்தது. பரிசல் ஓடாத நாளில் என் அப்பா பசியில்லை என்று சொல்வார். அவருக்கு அன்றைக்கு மட்டும் வயிறு இருக்காது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பிறகு நானும் சொல்லப் பழகினேன். வெறுங்கையோடு வந்தவன் சோறு கேட்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பழகியதுதான். என் மனைவி வைக்கும் குழம்பு வாசம் டீக்கடை வரைக்கும் வரும். நான் அங்கே உட்கார்ந்து பன் தின்பேன். பன் நன்றாக இருக்காது. அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்றுதான் நான் பயந்தேன். அவளும் அதையே நினைத்துப் பயந்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. கதையில் வரும் ஆளுக்கும் பசித்திருக்கும். அவன் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.'

படித்து முடித்தும் அவள் நிமிரவில்லை. தாளின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.  முருகேஷ் கையைச் சோற்றில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழம்புச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"என் மூஞ்சில என்ன எழுதியிருக்குது? சாப்புடுங்க, சோறு ஆறுது."